மெல்லினம்

முதல் சான்று கணக்குப் புத்தகம்.
மிஸ்ஸஸ் பெல்வுட் கைப்பட எழுதியது.
சாய்ந்த எழுத்து, அழகாகவே இருந்தது.
மாதம் நாலு வெள்ளி.
கழிவு: நீலப்பூத் தட்டு ஒன்று.
கழிவு: விளக்குச் சிமினி இரண்டு.
கழிவு: காய்ச்சலில் கிடந்த ஆறு நாள்.
கப்பல் கூலி, மாதாமாதம்.
ஒன்பதாம் மாதத்துக் கடைசி வரியில்
பாக்கி என்ற இடத்தில் ஒரு வட்டம்.
தமிழில் வாசித்துக் காட்டினேன்.
கூண்டிலிருந்த காத்தாயி தலையாட்டினாள்,
முன்பே கேட்ட கதைபோல.

இரண்டாவது இஸ்திரிப் பெட்டி.
உள்ளே கரிச்சாம்பல். மூடியில் நரைமுடி.
அவள் கை படவில்லை என்று
யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல வரவில்லை.

அதற்குப் பின் மூன்று நாள்
வாட்டர்லூ தெரு வீட்டுக் கதவு வழக்கம்போலத் திறந்தது.
"துரைசாணி மலாக்கா போயிட்டாங்க,"
ரொட்டிக்காரனிடம் சொன்னாள்,
பியானோ படிக்க வந்த பிள்ளைகளிடமும் சொன்னாள்.
பாலுக்குக் காசு எண்ணிக் கொடுத்தாள்.
இரவில் மெத்தையில் படுத்தாள்.

மூன்றாவது சான்றைக் கொண்டுவந்தவர்
டோபி காட் திருவேங்கடம்.
"பதினாலு உருப்படி, எண்ணிக்கை சரிங்க.
ஆனா இந்த ராச் சட்டை..."
கழுத்துப் பட்டியை மூக்கருகே பிடித்துக் காட்டினார்.
தேங்காய் எண்ணெய்.
துரைசாணி தலை அறியாத எண்ணெய்.
ஏழு ஜூரிகளும் கைமாற்றிக் கைமாற்றி மோந்தார்கள்.
என் தலையிலும் அதேதான்,
சுண்ணாம்புக் கம்பத்துச் செக்கில் ஆட்டியது.
ஓரடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

அன்று இரவு என்ன நடந்தது?
நீதிபதி என்னைக் கேட்டார். நான் அவளைக் கேட்டேன்.

"கணக்குத் தீர்ந்துச்சுங்க."

அவ்வளவுதான் சொன்னாள்.

பிரம்படியோடு படித்த இலக்கணம்:
அந்த இடத்தில் மெல்லினம் நின்றால் தானாக நடந்தது,
வல்லினம் நின்றால் யாரோ செய்தது.
தீர்ந்தது. தீர்த்தது.
நடுவே மூக்கில் வரும் ஒரு சின்ன மூச்சு.
உனக்கினிப் பாக்கியில்லை என்று
துரைசாணி சொன்னதைத் திருப்பிச் சொன்னாளா?
பெட்டி இறங்கியதைச் சொன்னாளா?
இன்னொரு தரம் கேட்டிருக்கலாம்.
மணி பன்னிரண்டே முக்கால்.
நீதிபதியின் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.
இங்கிலீஷில் அதற்கும் ஒரு வழி உண்டு, எனக்குத் தெரியும்.
வாயில் வந்தது வேறு.
"கணக்கைத் தீர்த்தேன் என்கிறாள், பிரபு."

அப்போதுதான் பங்கா நின்றது.
பாதி வீச்சில், அந்த நீளத் துணி.
சுவர் ஓட்டை வழியாக வெளியே போகிற கயிற்றின் மறுநுனியில்
பதினோரு வருஷமாக
இரண்டு பாஷையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற
ஒருவன் இருக்கிறான்.
காகிதங்கள் அடங்கின.
நீதிபதி அண்ணாந்து பார்த்தார்.
காத்தாயியும் பார்த்தாள், காற்று எங்கே போயிற்று என்று.
யாரோ அதட்டினார்கள்.
கயிறு மறுபடி இழுபட்டது.

நாலரைக்குத் தீர்ப்பு.
அந்தச் சொல்லில் மெல்லினமே கிடையாது.

படியிறங்கும்போது அவன் நின்றிருந்தான்.
உள்ளங்கையில் கயிறு தின்ற தழும்பு.
"ஐயா, அது தீர்ந்துச்சுன்னுதானே சொல்லுச்சு?"

குடையை விரித்தேன். மழை இல்லை.
"கயிறு இழுக்கிறதுதான் உன் வேலை" என்றேன்.

"சரிங்க."

அன்று வியாழன்.
ஆண்பிள்ளை எண்ணெய் முழுக்குப் போடும் நாளில்லை.
கிணற்றடியில் சீயக்காய் குழைத்து
இரண்டு தரம் தலைமுழுகினேன்.